கொழும்பின் பழைய கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலிருக்கும் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதப்போய், இப்போது ஊரிலிருந்து வருபவர்கள், கனடா லண்டனிலிருந்து லீவுக்கு வருபவர்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தும் புறக்கோட்டையில் மேலே நிமிர்ந்து பார்க்காதவர்கள் என்று எல்லாரும் கேள்வி அனுப்புகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கோயில், தேவாலயங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. கடை, கந்தோர், நகர மண்டபம், தபாலகம், ஸ்டேஷன் மாதிரியானவைதான் இங்கே. ஒரு பள்ளிவாசல் மட்டும் உள்ளே வந்துவிட்டது, அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு நாள்தான் கொழும்பில் நிற்கிறோம். எங்கே தொடங்குவது?

புறக்கோட்டையில். வழிகாட்டிப் புத்தகமெல்லாம் கோட்டையில் தொடங்கச் சொல்லும், கேட்காதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தங்கியிருந்தால் 100 அல்லது 101 பஸ், நேரே கொண்டுவந்து விடும். ஞாயிறு காலை என்றால் இன்னும் நல்லது. பெரும்பாலான கடைகள் பூட்டு, கைவண்டி தள்ளும் நாட்டாமிமாரின் சத்தம் குறைவு, நடுவீதியில் நின்று மேலே பார்த்தாலும் ஒருவரும் இடித்துத் தள்ள மாட்டார்கள். கடைகள் திறந்த பிறகு விளம்பரப் பலகையும் தொங்கும் துணியும்தான் கண்ணுக்குப் படும், கட்டடம் படாது.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் முதலில் கான் மணிக்கூட்டுக் கோபுரம், பிறகு பிரதான வீதி, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல், அப்படியே போய்ப் பழைய நகர மண்டபம், அதற்கப்பால் செட்டியார் தெரு. வெயில் ஏறியதும் கோட்டைப் பக்கம் திரும்புங்கள். யோர்க் வீதியில் கட்டடங்களின் கீழேயே மூடிய நடைபாதை இருப்பதால் மத்தியானத்திலும் நிழலில் நடக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இன்றைய கண்ணாடிக் கோபுரங்களின் அடியில் அப்படி ஒரு நாலடி நிழல் கிடைக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

கோட்டை என்கிறார்கள், கோட்டையைக் காணவில்லையே?

இடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் தொடங்கி, 1656-இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் பெரிதாக்கிய மதில்கள் அவை. 1796-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்து, பிறகு மதிலுக்கு வேலையில்லாமல் போக, 1869 அளவில் இடிக்கத் தொடங்கினார்கள். மிச்சம் இருப்பது பெயரும் சில துண்டுகளும்தான்.

ஏன் எல்லாம் 1870-க்கும் 1915-க்கும் இடைப்பட்ட காலத்தவையாகவே இருக்கின்றன?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் கோட்டையில் பாதி விளங்கிவிடும். 1869-இல் சுயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் எல்லாம் இந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும், அவற்றுக்கு நிலக்கரி வேண்டும், தண்ணீர் வேண்டும், தங்க இடம் வேண்டும். அதுவரை பெரிய கப்பல்கள் நின்றது காலித் துறைமுகத்தில். கொழும்பில் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் சரக்கு இறக்குவதே பாடு. அதனால் 1875-இல் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்து 1885 அளவில் முடித்தார்கள். அதோடு காலி பின்தங்கியது, கொழும்பு முன்னுக்கு வந்தது.

அதே காலத்தில் மலையகத்தில் கோப்பி நோய் பிடித்து அழிந்து, தேயிலை வந்தது. அந்தத் தேயிலையைக் கிள்ளியது யார், எங்கிருந்து அவர்களைக் கூட்டிவந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். யோர்க் வீதியின் மாடிகளில் ஏஜென்சிக் கந்தோர், வங்கி, காப்புறுதி, கப்பல் கம்பனி என்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பகுதி தேயிலைக் காசும் கப்பல் காசும் கட்டியவை. கல்லிலும் செங்கல்லிலும் அந்த வியர்வையும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் ஒரு பலகையைக்கூட நான் அங்கே கண்டதில்லை.

அதனால்தான் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் துறைமுக வாசலில் நிற்கிறது. முன்பு படையினர் குடியிருந்த கட்டடத்தைப் பொதுவேலைத் திணைக்களத்தின் ஜேம்ஸ் ஸ்மிதர் ஹோட்டலாக மாற்றினார், 1875 நவம்பரில் திறந்தார்கள். கப்பலால் இறங்கி வீதியைக் கடந்தால் ஹோட்டல், அதற்கடுத்து வங்கி, அதற்கடுத்து சாமான் வாங்கக் கார்கில்ஸ். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890-இல் வந்தபோது தங்கியதும் இங்கேதான். மேல் மாடியிலிருந்து துறைமுகத்தைப் பார்த்தால் ஏன் இந்த வீதி இங்கே வந்தது என்பதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சிவப்புக் கட்டடம் கார்கில்ஸா?

கார்கில்ஸேதான். 1844-இல் தொடங்கிய வியாபாரம், இந்தக் கட்டடம் 1906. வரைந்தவர் எட்வர்ட் ஸ்கின்னர். அந்த இடத்தில் முன்பு ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வீடு இருந்தது. முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த்தும் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

இந்த ஸ்கின்னர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் எங்கு திரும்பினாலும் வந்து நிற்பார். கார்கில்ஸைப் பார்த்த கையோடு லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் போய், பழைய விக்டோரியா கண் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அதுவும் 1906-இல் முடிந்தது, அதுவும் சிவப்புச் செங்கல், அதுவும் ஸ்கின்னர். ஆனால் அது முழுக்க இந்திய முகலாயப் பாணி. கடைக்கு ஒரு முகம், ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முகம். காசு கொடுப்பவர் கேட்கிற பாணியில் வரைந்து கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கட்டடக்கலைஞர்களை இன்றைக்கு நாம் ஏதோ ஞானிகள் மாதிரிப் பேசுகிறோம், அவர்களும் வாடிக்கையாளரைப் பார்த்துத் தொழில் செய்தவர்கள்தான்.

செதம் வீதியில் இன்னொன்று இருக்கிறது, சென்ட்ரல் பொயின்ட். நாஷனல் மியூச்சுவல் என்ற அவுஸ்திரேலியக் காப்புறுதி நிறுவனத்துக்காக 1914-இல் கட்டியது. அன்றைக்குக் கொழும்பிலேயே உயரமான கட்டடம் அதுதான். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டும் கொரிந்தியத் தூண்களும். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டு, மத்திய வங்கி திருத்தி எடுத்து, இப்போது பொருளாதார வரலாற்று நூதனசாலை. பழைய காசுகளைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி கொஞ்சம் கோபமாகவே வரும். கோபம் நியாயம்தான், ஆனால் "வெள்ளைக்காரன் கட்டியது" என்பதில்தான் எனக்குத் தகராறு. வரைந்தவன் வெள்ளைக்காரன். கட்டியது யார்?

வாப்பிச்சி மரைக்கார் என்று ஒருவர். தமிழ் பேசும் கொழும்புச் சோனகர், கட்டட ஒப்பந்தக்காரர். கறுவாத் தோட்டத்தில் (கொழும்பு 7) நிற்கும் தேசிய நூதனசாலை, புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், இரண்டும் அவர் கட்டியவை. இரண்டுக்கும் வரைபடம் மேலே சொன்ன ஸ்மிதருடையது. அவர் கட்டியவை என்று சொல்லப்படும் பட்டியல் இதைவிட நீளம், காலி முகத்திடல் ஹோட்டல் முதற்கொண்டு அதில் வரும். நூதனசாலை 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தபோது நடந்ததாக ஒரு கதை வழிவழியாகச் சொல்கிறார்கள்: ஆளுநர் கிரெகரி அவரைக் கூப்பிட்டு, உமக்கு என்ன மரியாதை வேண்டும் என்று கேட்டாராம். பட்டமும் வேண்டாம் காணியும் வேண்டாம், வெள்ளிக்கிழமையில் மட்டும் இதைப் பூட்டி வையுங்கள், ஜும்ஆ நாள் என்றாராம் இவர். நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமை பூட்டித்தான் இருந்தது. 1892-இல் மருதானையில் சாஹிராக் கல்லூரி தொடங்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்மிதரின் பெயர் ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது. வாப்பிச்சி மரைக்காரின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கீழே நின்ற மேசன்மார், தச்சர், சுண்ணாம்பு குழைத்தவர்கள், அவர்கள் பெயரைக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கட்டடங்களை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

சிவப்புப் பள்ளிவாசல் பற்றி?

இதைத்தான் விலக்கு என்று மேலே சொன்னேன். ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல், நம்மவர்கள் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908-இல் தொடங்கி 1909-இல் முடிந்தது. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள், கடையை விட்டுத் தூரம் போகாமல் ஐந்து வேளையும் தொழ ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது. வியாபாரிகளின் தேவையில் எழுந்து கடைத்தெருவின் நடுவிலேயே நிற்பது, ஆகவே இந்தப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலை படித்தவர் அல்ல. வியாபாரிகள் காட்டிய இந்தோ சரசெனிக் கட்டடப் படங்களைப் பார்த்துத் தன் கற்பனையில் வரைந்தார் என்பார்கள். பட்டம் பெற்றவர் வரைந்திருந்தால் இவ்வளவு துணிச்சல் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். கிட்டப் போய்ப் பாருங்கள்: சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி ஓடவில்லை. ஓரிடத்தில் கிடைக்கோடு, தூணில் முறுக்கிக்கொண்டு ஏறும் கோடு, வளைவுக்கு மேலே சதுரங்கக் கட்டம், மேலே மாதுளம்பழ வடிவக் குமிழ்கள். உயரமான கட்டடங்கள் வருவதற்கு முன்னம் கடலில் வரும் மாலுமிகள் இதைத்தான் கொழும்புக்கு அடையாளமாக வைத்திருந்தார்களாம்.

வெளியார் உள்ளே போய்ப் பார்க்கலாம், தொழுகை நேரத்தைத் தவிர்த்து. உடம்பை மூடிய உடுப்போடு போங்கள், வாசலில் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வழிவிட்டு நின்று படம் எடுங்கள், அந்தத் தெருவில் நிற்க இடமே ஒரு பாய் அளவுதான்.

மணிக்கூட்டுக் கோபுரம் எத்தனை? எல்லாரும் வேறு வேறு இடம் காட்டுகிறார்கள்.

இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையும் செதம் வீதியும் சந்திக்கும் இடத்தில் நடுவீதியில் நிற்பது பழையது. 1857. வரைந்தது ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். முதலில் மணிக்கூடு மட்டும். பத்து வருடம் கழித்து, 1867-இல், மேலே விளக்கு வைத்து வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். 29 மீற்றர் உயரம் அன்றைக்குப் போதுமாக இருந்தது. பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைக்க, 1952-இல் விளக்கை அணைத்துக் கடற்கரையோரம் புதிதாக ஒன்று கட்டினார்கள். வெளிச்சவீடு ஏன் கடலை விட்டுத் தள்ளி நடுரோட்டில் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

புறக்கோட்டை வாசலில் நிற்பது கான் கோபுரம், 1923. பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம், கொழும்பில் எண்ணெய் ஆலை வைத்திருந்தவர்கள், தங்கள் குடும்பப் பெரியவர் பிராம்ஜி பிகாஜி கான் நினைவாகக் கட்டி ஊருக்குக் கொடுத்தது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் அதன் கீழே இருக்கும் கல்வெட்டை யாரும் படிப்பதில்லை.

நகர மண்டபமும் இரண்டா?

ஆம். மாநகர சபை 1865-இல் உருவானது. 1873-இல் புறக்கோட்டையில் மண்டபம், கூரிய வளைவுகளோடு கொதிக் பாணியில். நகரம் பெருத்து அந்த இடம் போதாமல், 1920களில் கறுவாத் தோட்டத்தில், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே, குவிமாடம் வைத்த வெள்ளைக் கட்டடம் கட்டி 1928-இல் குடிபோனார்கள். 138 பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிந்தது இந்த இரண்டாவதுதான்.

பழையது எனக்கு அதிகம் பிடிக்கும். மேல்மாடியில் அந்தக் காலத்துச் சபைக் கூட்டம் நடப்பதுபோல மேசையைச் சுற்றி ஆள் உருவங்களைக் கோட்டும் சூட்டுமாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மின்விசிறி கூட இல்லாத வெக்கையில் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பக்கத்திலேயே கைமன் வாசல் மணிக்கூண்டு. அதில் தொங்கும் மணி, ஜயவர்தனபுரக் கோட்டேயில் இருந்த போர்த்துக்கேயத் தேவாலயம் ஒன்றின் இடிபாட்டிலிருந்து கிடைத்தது என்கிறார்கள்.

ஒல்லாந்தர் வைத்தியசாலை போகத் தகுந்ததா? எல்லாம் சாப்பாட்டுக் கடை என்றார்களே.

சாப்பாட்டுக் கடைதான், விலையும் அப்படித்தான். இருந்தாலும் போங்கள். கோட்டையில் நிற்பவற்றில் மிகப் பழைய கட்டடங்களில் இது ஒன்று. 1681-இலேயே இப்படி ஒரு வைத்தியசாலை இங்கே இருந்ததற்குக் குறிப்பு உண்டு. ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்களுக்கும் கப்பலில் நோயோடு வந்தவர்களுக்கும் கட்டியது. நீளமான ஓட்டுக் கூரை, நடுவில் முற்றங்கள், சுற்றி விறாந்தை. சுவர் அரை மீற்றர் தடிப்பு, கையை வைத்துப் பாருங்கள், மத்தியானத்திலும் குளிர்மை இருக்கும். பிற்காலத்தில் கோட்டைப் பொலிஸ் நிலையமாக இருந்தது, 1996 குண்டில் இதுவும் சேதம். திருத்தி 2011 டிசம்பரில் திறந்தார்கள். சங்கக்காரவும் மஹேலவும் பங்குதாரர்களாக இருக்கும் நண்டுக் கடை இதற்குள்தான்.

சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, முற்றத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம். கறுவாத் தோட்டத்து இன்டிபென்டன்ஸ் ஆர்கேடும் இதே ரகம்: 1880களில் மனநல வைத்தியசாலையாகக் கட்டி, அரசாங்கக் கந்தோராக இருந்து, 2014-இல் கடைத்தொகுதியானது. அங்கே காப்பி குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு முதல் கதை தெரியும் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை. இந்த மாதிரி மாற்றங்களை நான் எதிர்ப்பதில்லை. கூரை ஒழுகாமல் இருக்க யாராவது மாதாமாதம் காசு சம்பாதிக்க வேண்டும். ஆனால் திருத்துவதென்றால் காப்பிக் கடை மட்டும்தான் என்று ஆகிவிட்டது, அதுதான் சங்கடம். ஒரு நூலகம், ஒரு தொழிற்பயிற்சிக் கூடம், ஏழைக்கும் கட்டுப்படியாகும் ஒரு சாப்பாட்டுக் கடை, இதெல்லாம் பழைய சுவருக்குள் இருக்கக்கூடாது என்று சட்டமா?

கோட்டையில் ஏன் இவ்வளவு கட்டடம் வெறுமையாக இருந்தது?

யுத்தம். எண்பதுகளின் நடுவிலிருந்து 2009 வரை கோட்டையின் பெரும்பகுதி பாதுகாப்பு வளையத்துக்குள். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டில் 91 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். அடுத்த வருடம் உலக வர்த்தக மையத்தடியில் இன்னொன்று. கந்தோர்கள் ஒவ்வொன்றாகக் காலி முகத்திடலுக்கு அப்பால் போய்விட்டன. ஜனாதிபதி மாளிகைக்கு நேரெதிரே 1895-இல் முடித்த பொதுத் தபாலகம், அவ்வளவு பெரிய தூண்களோடு, 2000-இல் வேறு இடம் போனது. கடிதம் போடப் போகிறவர் ஜனாதிபதி வாசலடியில் நிற்கக்கூடாதாம்.

நம்மவர்களுக்கு அந்த வருடங்களில் கோட்டை என்றால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, "எங்கே பிறந்தது" என்ற கேள்வி. கட்டடத்தைப் பார்க்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஒரு தலைமுறைக்கே அந்தத் தெருக்கள் பழகாமல் போனதற்கு இதுதான் காரணம். 1983 ஜூலையில் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் எரிந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்பனித் தெருவில் 1965-இல் நவரத்தினம் குடும்பத்தார் கட்டிய ரியோ திரையரங்கு அதே கலவரத்தில் எரிந்து, கரி பிடித்த சுவரோடு பல வருடம் நின்றது. பழைய கட்டடம் என்றால் தூணும் வளைவும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரத்தினக்கல் வியாபாரி கபூர் 1915-இல் கோட்டையில் கட்டிய கபூர் கட்டடம் பாழடைந்தது வேறு கதை. அதில் குண்டைவிடப் பராமரிப்பின்மைதான் பெரிய எதிரி.

இவற்றை இடிக்கச் சட்டம் விடுமா?

விடும் என்பதுதான் பிரச்சினை. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள். அதற்கு முன்னம் கட்டியது என்றால் அது புராதனச் சின்னம் என்ற வரையறைக்குள் வந்துவிடும். அதற்குப் பிந்தியது என்றால் தொல்பொருள் திணைக்களம் பார்த்து, வர்த்தமானியில் போட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்து உடைந்த சுவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ஆங்கிலேயர் காலத்து முழுக் கட்டடத்துக்குத் தானாக வராது. மேலே நான் எழுதிய கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தத் திகதிக்கு அறுபது, நூறு வருடம் பிந்தியவை.

கொம்பனித் தெருவில் 1870களைச் சேர்ந்த டி சொய்சா கட்டடம், கீழே சாப்பாட்டுக் கடைகளும் சில்லறைக் கடைகளுமாக வாழ்ந்துகொண்டிருந்தது, எத்தனையோ பேர் எதிர்த்தும் இடிபட்டது. கோட்டையில் இருந்திருந்தால் தப்பியிருக்கும். கொம்பனித் தெருவில் மலே, சோனகர், தமிழர், சிங்களவர் எல்லாம் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் இருந்ததால் அது யாருக்கும் "பாரம்பரியம்" ஆகவில்லை.

செட்டியார் தெருவில் நகைக்கடை தவிர என்ன இருக்கிறது?

மேலே பாருங்கள். கீழே கண்ணாடியும் தங்கமும், மேலே மரச் சட்டம் போட்ட யன்னல், சுண்ணாம்புப் பூவேலை, சில இடங்களில் உச்சியில் கட்டிய ஆண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டிக்கடையும் அரிசி வியாபாரமும் நடத்திய கிட்டங்கிகள், அதாவது சரக்கறைக் கடைகள், இருந்த தெரு. முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். புறக்கோட்டைப் பழைய கடைகள் பலதும் இதே அமைப்புத்தான். தெருப்பக்க நிலத்துக்கு விலை அதிகம், பின்பக்கத்துக்குக் குறைவு, அவ்வளவுதான் இதில் இரகசியம். கேபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துக் கடைகளும் இதே ரகம், மூலிகை வாசத்தோடு பார்க்கலாம்.

பழைய பாராளுமன்றம்?

காலி முகத்திடலின் வடக்கு முனையில், கடலைப் பார்த்துத் தூண் வரிசையோடு நிற்பது. வரைந்தவர் ஒஸ்ரின் வூடிசன், 1930 ஜனவரியில் திறந்தது. சட்டசபை, அரசாங்க சபை, பிறகு பாராளுமன்றம், எல்லாம் 1982-இல் கோட்டே போகும்வரை இங்கே. சோல்பரி அரசியலமைப்புக்கு முன்னும் பின்னும் நம் தலைவர்கள் பேசிய பேச்செல்லாம் இந்தச் சுவருக்குள்தான். இப்போது ஜனாதிபதி செயலகம். 2022-இல் போராட்டக்காரர் ஏறி உட்கார்ந்த படிகளும் இதனுடையவைதான். பொதுக் கட்டடத்தின் படி பொதுமக்கள் உட்காரத்தானே.

ரயில் நிலையத்தையும் கணக்கெடுக்கலாமா?

தாராளமாக. 1917. மன்செஸ்டர் விக்டோரியா நிலையத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். யாழ்தேவிக்கு எப்படியும் முன்னேரத்தில் போய்த்தான் நிற்பீர்கள், அந்த நேரத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களைப் பாருங்கள்.

படம் எடுத்தால் பிடிப்பார்களா?

புறக்கோட்டையில் பிரச்சினையில்லை. ஜனாதிபதி மாளிகை, துறைமுகம், படையினர் நிற்கும் இடங்களில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், விவாதம் பண்ணாமல் நகருங்கள்.

எங்கள் கடையே பழைய கட்டடம். முகப்பைப் புதுப்பிக்க நினைக்கிறோம், என்ன செய்யலாம்?

இது புறக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டது. இந்தப் பக்கத்திலேயே மிகப் பிரயோசனமான கேள்வி.

முதலில் சீமெந்தைக் கீழே வையுங்கள். உங்கள் சுவர் கபுக்கல்லோ செங்கல்லோ, உள்ளே சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் திரும்ப வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. இரண்டு மழைக்காலத்தில் பூச்சு வயிறு ஊதி, உப்புப் பூத்து, துண்டு துண்டாக விழும். பிறகு "பழைய கட்டடம், ஒன்றுக்கும் உதவாது" என்று மேசன் பாஸ் ஒருவர் வந்து சொல்வார். கட்டடம் நல்லாகத்தான் இருந்தது, பூச்சுத்தான் அதைக் கெடுத்தது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கைகள் குறைவு, ஆனால் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரித்தால் ஆள் பிடிக்கலாம்.

இரண்டாவது, அலுமினியத் தகட்டால் முழு முகப்பையும் மூடாதீர்கள். பெயர்ப்பலகையைக் கீழ்மாடி உயரத்தோடு நிறுத்துங்கள். தகட்டுக்குப் பின்னால் புறா கூடு கட்டும், ஆலங்கன்று முளைக்கும், வேர் சுவருக்குள் போய்க் கல்லைப் பிரிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். மேலே இருக்கும் மர யன்னல்களைக் கழற்றிக் கண்ணாடி போடச் சொல்வார்கள். அந்தச் சட்ட யன்னல் காற்றை விட்டு மழையை நிறுத்துவது, கழற்றினால் ஏசி பில்தான் ஏறும்.

இடிப்பதோ முகப்பை மாற்றுவதோ என்றால் மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் வர்த்தமானியில் வந்ததா என்பதைத் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வதை நம்பி வேலை தொடங்க வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால், மழைக்காலம் தொடங்க முதல் ஓர் ஆளைக் கூரையில் ஏற்றிப் பீலியைத் துப்புரவாக்குங்கள். உடைந்த ஓட்டை மாற்றி, அடைத்த பீலியைத் திறந்துவிட்டால் பாதித் திருத்தம் முடிந்த மாதிரி. மிச்சக் காசுக்கு முகப்பைப் பிறகு பார்க்கலாம்.